ஆர்குட் முதல் ரீல்ஸ் வரை: சமூக வலைத்தளங்கள் நம்மைப் பிடித்துவைக்கும் விதம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒரு தளம் ஏன் வளர்கிறது, ஏன் சாகிறது, நம் விரல் ஏன் நிற்காமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கடைசிப் பகுதியில் உங்கள் போனிலேயே செய்துபார்க்க வேண்டிய படிகள் உள்ளன.

எல்லாம் இலவசம்தானே? பிறகு எதற்காக இப்படி மோதிக்கொள்கிறார்கள்?

விளம்பரத்துக்காக. நீங்கள் ஸ்க்ரோல் செய்யும் ஒவ்வொரு நிமிடமும் விளம்பரம் வைக்க ஓர் இடம். ஒரு நாளில் ஒரு மனிதரிடம் மிஞ்சும் ஓய்வு நேரம் இரண்டு மூன்று மணி நேரம்தான். அந்த நேரத்தை ஃபேஸ்புக் எடுத்தால் யூடியூபுக்கு இல்லை, ரீல்ஸ் எடுத்தால் எக்ஸுக்கு (பழைய ட்விட்டர்) இல்லை.

எத்தனை பேர் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதைவிட எத்தனை பேர் தினமும் வருகிறார்கள் என்பதைத்தான் நிறுவனத்துக்குள்ளே இருப்பவர்கள் பார்ப்பார்கள். மாதத்தில் ஒரு முறையாவது வந்தவர்கள் 100 பேர் என்றால், அவர்களில் ஒரு நாளில் வருபவர்கள் எத்தனை பேர் என்பதே கணக்கு. ஃபேஸ்புக் பல ஆண்டுகள் தன் காலாண்டு அறிக்கைகளில் இதை 66 சதவீதம் என்ற அளவிலேயே காட்டிவந்தது. அதாவது மூன்றில் இரண்டு பேர் தினமும் வந்தார்கள். இந்த எண்ணிக்கை லேசாக ஆடினாலும் என்ன ஆகும் என்பதை 2022 பிப்ரவரியில் பார்த்தோம். ஃபேஸ்புக்கின் தினசரிப் பயனர்கள் முதன்முறையாகக் குறைந்தார்கள். 193 கோடியில் ஏறத்தாழ 10 லட்சம் பேர்தான் குறைவு. ஆனால் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பங்கு ஒரே நாளில் 26 சதவீதம் விழுந்தது, 23,000 கோடி டாலருக்கு மேல் மதிப்பு கரைந்தது. அதன்பிறகு அந்த நிறுவனம் ரீல்ஸை ஏன் எல்லாப் பக்கமும் திணித்தது என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

ஆர்குட்டை நாம் எல்லோரும் விரும்பினோம். அது ஏன் தோற்றது?

கூகுள் 2004 ஜனவரியில் ஆர்குட்டைத் தொடங்கியது. பிரேசிலிலும் இந்தியாவிலும்தான் அது வேர்விட்டது. ஸ்க்ராப் (நண்பர் பக்கத்தில் விடும் சிறு செய்தி) எழுதுவது, டெஸ்டிமோனியல் (நம்மைப் பற்றி நண்பர் எழுதும் பாராட்டு) கேட்டு வாங்குவது, கம்யூனிட்டிகளில் சண்டை போடுவது, நம் பக்கத்தை யார் எட்டிப்பார்த்தார்கள் என்று பட்டியலைப் பார்ப்பது என்று அதில் உயிர் இருந்தது. ஆனால் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. நண்பன் என்ன செய்கிறான் என்று தெரிய அவனுடைய பக்கத்துக்கே போக வேண்டும். 200 நண்பர்கள் என்றால் 200 வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். யாரும் தட்டுவதில்லை. நமக்கு ஸ்க்ராப் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வெளியேறுவோம்.

ஃபேஸ்புக் அதே நேரத்தில் எல்லார் வீட்டுச் செய்தியையும் நம் திண்ணைக்கே கொண்டுவந்து கொட்டியது. ஆர்குட்டும் பிற்பாடு முகப்பை மாற்றிப் பார்த்தது, பலன் இல்லை. 2014 ஜூன் 30 அன்று மூடப்போவதாக அறிவித்து, செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டார்கள்.

ஆர்குட்டுக்கும் முன்னால் ஃபிரெண்ட்ஸ்டர் விழுந்த கதை இன்னும் பாடமானது. 2002இல் தொடங்கி, முதல் பெரிய வெற்றியைக் கண்ட தளம் அது. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் 'இவர் உங்களுக்கு யார் வழியாகத் தெரிந்தவர்' என்ற சங்கிலியை அந்த நொடியிலேயே கணக்கிட்டுக் காட்டியது. ஆளுக்கு 50 நண்பர்கள், அவர்களுக்கு ஆளுக்கு 50, அவர்களுக்கும் ஆளுக்கு 50 என்றால் மூன்றாவது படியிலேயே 1,25,000 பேர். சர்வர்களால் தாங்க முடியவில்லை. ஒரு பக்கம் திறக்க 40 நொடி வரை ஆனது. மக்கள் மைஸ்பேஸ் என்ற இன்னொரு தளத்துக்குப் போனார்கள். தளத்தின் பெருமையாக இருந்த அம்சமே அதைக் கொன்றது.

மைஸ்பேஸை ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப் 2005இல் 58 கோடி டாலருக்கு வாங்கியது, 2011இல் சுமார் 3.5 கோடிக்கு விற்றது. பக்கம் முழுக்க விளம்பரத்தை அடைத்ததும், அவரவர் இஷ்டத்துக்குப் பக்கத்தை அலங்கரிக்க விட்டதால் பக்கங்கள் திறக்கவே திணறியதும் முக்கியக் காரணங்கள்.

ஃபேஸ்புக்கின் 'நியூஸ் ஃபீட்' அப்படி என்ன புரட்சி?

நண்பர்களின் புதிய பதிவுகளையும் செயல்களையும் முகப்பிலேயே வரிசையாகக் காட்டும் பகுதிதான் நியூஸ் ஃபீட். 2006 செப்டம்பர் 5 அன்று அது வந்தபோது பயனர்கள் கொதித்தார்கள். 'இது வேவு பார்ப்பது' என்றார்கள். எதிர்ப்புக்காகத் தொடங்கிய ஒரு குழுவில் சில நாள்களில் சுமார் 7 லட்சம் பேர் சேர்ந்தார்கள். அப்போது தளத்தில் இருந்ததே ஏறத்தாழ ஒரு கோடிப் பேர்தான்.

அவ்வளவு பேர் அவ்வளவு வேகமாகச் சேர முடிந்ததே நியூஸ் ஃபீடால்தான். 'உங்கள் நண்பர் இந்தக் குழுவில் சேர்ந்தார்' என்று ஃபீட் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தது. எதிர்ப்பின் எண்ணிக்கையே அந்த அம்சம் வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது. ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார், தனியுரிமைக் கட்டுப்பாடுகளைச் சேர்த்தார், ஃபீடை எடுக்கவில்லை. பயனர்கள் வாயால் சொல்வதைவிட விரலால் செய்வதை நம்பு என்ற பழக்கம் இந்தத் தொழிலில் ஊறியது அப்போதிருந்துதான்.

எல்லா ஆப்பும் ஏன் ஒரே மாதிரி ஆகிவிட்டன?

காப்பியடிப்பது மலிவு, அடிக்காமல் விட்டால் நஷ்டம் அதிகம். அதனால்தான்.

ஸ்டோரியை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் மறையும் படங்களை வரிசையாகக் காட்டும் முறையை ஸ்னாப்சாட் 2013 அக்டோபரில் கொண்டுவந்தது. அதே ஆண்டு அந்த நிறுவனத்தை 300 கோடி டாலருக்கு வாங்க ஃபேஸ்புக் முயன்றது, ஸ்னாப்சாட் மறுத்துவிட்டது. அதற்கு முன்பே ஃபேஸ்புக் 'போக்' என்று ஒரு தனி ஆப் போட்டுப் பார்த்திருந்தது, பின்னர் 'ஸ்லிங்ஷாட்' என்று இன்னொன்று. இரண்டையும் யாரும் சீண்டவில்லை. நண்பர்கள் இல்லாத புது ஆப்பில் யார் போய் உட்காருவார்?

2016 ஆகஸ்ட் 2 அன்று அதே அம்சத்தை, ஃபேஸ்புக் ஏற்கெனவே வாங்கியிருந்த இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே வைத்தார்கள். பெயரைக்கூட மாற்றவில்லை, அதே 'ஸ்டோரீஸ்'. பெருமை ஸ்னாப்சாட்டுக்கே சேரும் என்று இன்ஸ்டாகிராம் நிறுவனர் கெவின் சிஸ்ட்ரம் வெளிப்படையாகவே சொன்னார். வைத்த இடம்தான் சூட்சுமம். ஃபீடின் தலைமாட்டில் வட்ட வட்டமாக முகங்கள், பார்க்காததைச் சுற்றி வண்ண வளையம். ஆப்பைத் திறந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். நண்பர்கள் பட்டியல் ஏற்கெனவே உள்ளே இருந்தது. இரண்டே மாதத்தில் தினமும் 10 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள். 2017 ஏப்ரலில் 20 கோடி. ஸ்னாப்சாட்டின் மொத்தத் தினசரிப் பயனர்களே 2016 முடிவில் 15.8 கோடிதான்.

இன்ஸ்டாகிராமுக்கு அது போட்டிக்காக மட்டும் தேவைப்படவில்லை. அங்கே படம் போடுவதே பரீட்சை மாதிரி ஆகிவிட்டிருந்தது. நல்ல வெளிச்சம், நல்ல ஃபில்டர், நாற்பது தடவை யோசனை. போடுவது குறைந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. நாளைக்கு மறைந்துவிடும் என்று தெரிந்தால் மனிதர்கள் சாதாரண சங்கதிகளையும் போடுவார்கள். வாட்ஸ்அப்பும் 2017 பிப்ரவரியில் இதே முறையை 'ஸ்டேட்டஸ்' என்று கொண்டுவந்தது. பழைய ஒரு வரி ஸ்டேட்டஸை எடுத்துவிட்டார்கள் என்று பயனர்கள் சத்தம் போட்டதும், சில வாரங்களில் அதை 'அபௌட்' பகுதியில் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று நம்மூரில் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, கடைத் தள்ளுபடி எல்லாமே ஸ்டேட்டஸில்தான்.

காப்பியடித்தால் எப்போதும் ஜெயித்துவிடலாமா?

இல்லை. ட்விட்டர் 2020 நவம்பரில் 'ஃப்ளீட்ஸ்' என்று ஸ்டோரியைக் கொண்டுவந்து, 2021 ஆகஸ்டில் எடுத்துவிட்டது. ட்வீட் போடத் தயங்குகிறவர்கள் இதில் போடுவார்கள் என்று எண்ணினார்கள். ஏற்கெனவே ட்வீட் போட்டுக்கொண்டிருந்தவர்களே அதிலும் போட்டார்கள். ட்விட்டரின் நோய் வேறு, மருந்து வேறு.

கூகுள் பிளஸ் இன்னும் தெளிவான உதாரணம். 2011இல் வந்தது. ஜிமெயில், யூடியூப் என்று கையில் இருந்த எல்லாவற்றோடும் ஒட்டினார்கள், கணக்குகள் குவிந்தன. ஆனால் உள்ளே வந்தவர்களில் 90 சதவீத வருகைகள் ஐந்து நொடிக்குள் முடிந்துவிட்டன என்று 2018இல் கூகுளே ஒப்புக்கொண்டது. 2019 ஏப்ரலில் மூடினார்கள்.

ட்விட்டருக்குப் போட்டியாக மெட்டா கொண்டுவந்த த்ரெட்ஸ் நடுவில் நிற்கிறது. 2023 ஜூலை 5 அன்று தொடங்கி ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். இன்ஸ்டாகிராம் கணக்கை வைத்தே ஒரு தட்டில் நுழையலாம், பின்தொடர்பவர்களையும் அப்படியே கொண்டுவரலாம் என்பது காரணம். ஆனால் முதல் நாளில் தேடும் வசதி சரியாக இல்லை, கணினியில் திறக்க முடியாது, நாம் பின்தொடர்பவர்களை மட்டும் பார்க்கும் ஃபீடும் இல்லை. சில வாரங்களில் பாதிக்கு மேற்பட்டோர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, இன்ஸ்டாகிராம் ஃபீடுக்கு நடுவே த்ரெட்ஸ் பதிவுகளைக் காட்டிக் காட்டித்தான் ஆளைத் திரும்ப அழைத்தார்கள்.

போட்டியாளரை வாங்கிவிடுவதும் ஒரு வழிதானே?

ஆம். ஃபேஸ்புக் இன்ஸ்டாகிராமை 2012இல் 100 கோடி டாலருக்கும், வாட்ஸ்அப்பை 2014இல் 1,900 கோடி டாலருக்கும் வாங்கியது. 'போட்டி போடுவதைவிட வாங்குவது நல்லது' என்ற பொருளில் 2008இல் ஸக்கர்பெர்க் எழுதிய மின்னஞ்சல், அமெரிக்க வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது 2020இல் தொடுத்த ஏகபோக வழக்கில் முக்கியச் சான்றாக வைக்கப்பட்டது. 2025 நவம்பரில் தீர்ப்பு மெட்டாவுக்குச் சாதகமாக வந்தது. டிக்டாக்கும் யூடியூபும் அதே களத்தில் போட்டியிடுகின்றன என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

டிக்டாக் எந்த இடத்தில் மற்றவற்றை முந்தியது?

நண்பர்களே தேவையில்லை என்று ஆக்கியதில். ஃபேஸ்புக்கில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பத்து நாளுக்குள் ஏழு நண்பர்களாவது கிடைத்துவிட வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் வளர்ச்சிக் குழு வைத்திருந்த இலக்கு. கிடைக்காவிட்டால் ஆள் போய்விடுவார். டிக்டாக்கில் சேர்ந்த முதல் நிமிடமே வீடியோ ஓடும்.

திரையமைப்பைக் கூர்ந்து பாருங்கள். ஃபேஸ்புக் ஃபீடில் ஒரே நேரத்தில் ஒன்றரை, இரண்டு பதிவுகள் திரையில் தெரியும். நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று தளத்துக்கு உறுதியாகத் தெரியாது. டிக்டாக்கில் திரை முழுக்க ஒரே வீடியோ. 15 நொடி வீடியோவை இரண்டாம் நொடியில் தள்ளிவிட்டீர்கள் என்றால் பிடிக்கவில்லை. முழுக்கப் பார்த்தால் பிடித்திருக்கிறது. மறுபடி சுற்றவிட்டால் மிகவும் பிடித்திருக்கிறது. லைக் போட வேண்டியதே இல்லை. பத்து நிமிடத்தில் 40, 50 வீடியோக்கள், அத்தனையும் ஐயத்துக்கிடமில்லாத பதில்கள். ஒரு வாரத்தில் ஃபேஸ்புக் கற்றுக்கொள்வதை இது ஒரு மதிய உணவு இடைவேளையில் கற்றுக்கொள்ளும்.

இன்னொன்று வாட்டர்மார்க். டிக்டாக்கிலிருந்து இறக்கிய வீடியோவில் அதன் சின்னம் இடம் மாறி மாறித் துள்ளும். அதை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டவர்கள் தெரியாமலே காசில்லாத விளம்பரம் செய்தார்கள். 2021 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம் அப்படிச் சின்னம் உள்ள வீடியோக்களைக் குறைவாகப் பரிந்துரைப்போம் என்று அறிவித்ததன் காரணம் அதுதான்.

இந்தியாவில் டிக்டாக் போன பிறகு என்ன நடந்தது?

இந்தியாவில் முதல் அடி தமிழ்நாட்டில்தான் விழுந்தது. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக்கைப் பதிவிறக்கத் தடை விதிக்கச் சொன்னது. ஆப் ஸ்டோர்களிலிருந்து அது நீங்கியது, ஏப்ரல் 24 அன்று தடை விலகியது. அந்த நாள்களில் நாளொன்றுக்கு 5 லட்சம் டாலர் இழப்பு என்று நிறுவனம் நீதிமன்றத்தில் கணக்குக் காட்டியது. ஏற்கெனவே போனில் இருந்தவர்களுக்கு ஆப் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீன ஆப்களைத் தடைசெய்தபோது ஒரேயடியாக நின்றது. ஷேர்சாட் நிறுவனத்தின் குறுவீடியோ ஆப்பான மோஜ் சில நாளிலேயே வந்தது. இன்ஸ்டாகிராம் ஜூலை 8 அன்று இந்தியாவில் ரீல்ஸைத் திறந்தது. உலகின் பல நாடுகளுக்கு அது ஆகஸ்டில்தான் போனது. யூடியூப் தன் ஷார்ட்ஸை செப்டம்பரில் முதலில் இந்தியாவில்தான் சோதித்தது. காலியான நாற்காலிக்கு மூன்று மாதத்தில் இத்தனை பேர்.

வென்றவை, கூட்டம் ஏற்கெனவே இருந்த இன்ஸ்டாகிராமும் யூடியூபும். கிராமத்திலிருந்து ஆடியும் நடித்தும் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்திருந்தவர்கள் ஒரே இரவில் பூஜ்யத்துக்கு வந்தார்கள். பின்தொடர்பவர்களை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச்செல்ல வழியே இல்லை என்பது அன்று பலருக்கும் உறைத்தது.

அல்காரிதம் என்கிறார்களே, அது உண்மையில் எப்படிக் கணக்குப் போடுகிறது?

எந்தப் பதிவை முதலில் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்குதான் அது. பொதுவெளியில் எண்ணோடு பார்க்கக் கிடைத்த உதாரணம் ட்விட்டருடையது. 2023 மார்ச் 31 அன்று தன் பரிந்துரை நிரலை அது வெளியிட்டது. நீங்கள் ஆப்பைத் திறக்கும்போது சுமார் 1,500 பதிவுகளை அது திரட்டும். ஏறத்தாழ பாதி நீங்கள் பின்தொடர்பவர்களுடையது, பாதி மற்றவர்களுடையது. ஒவ்வொரு பதிவுக்கும் 'இவர் லைக் போட எத்தனை சதவீத வாய்ப்பு, பதில் எழுத எத்தனை, புகார் செய்ய எத்தனை' என்று ஊகிக்கும். அந்த வாய்ப்பை ஒரு எடையால் பெருக்கிக் கூட்டினால் மதிப்பெண். அப்போது வெளியான எடைகள்: லைக் 0.5, ரீட்வீட் 1, பதில் 13.5, நீங்கள் எழுதும் பதிலுக்குப் பதிவிட்டவர் எதிர்வினை காட்டினால் 75, 'ஆர்வமில்லை' என்று அழுத்துவது போன்ற எதிர்ப்புக் காட்டினால் −74, புகார் −369.

கையால் போட்டுப் பார்ப்போம். ஒரு பூவின் படம்: லைக் வாய்ப்பு 10 சதவீதம், ரீட்வீட் 2, பதில் 0.2. மதிப்பெண் 0.05 + 0.02 + 0.027 = 0.097. அடுத்து ஒரு சண்டைப் பதிவு: லைக் 2 சதவீதம், ரீட்வீட் 1, பதில் 3. மதிப்பெண் 0.01 + 0.01 + 0.405 = 0.425. ஐந்தில் ஒரு பங்கு லைக்கே விழும் என்றாலும் சண்டை நான்கு மடங்கு மேலே நிற்கிறது. அதே சண்டைப் பதிவை ஆயிரத்தில் ஒருவர் புகார் செய்வார் என்று ஊகித்தால் 0.369 கழியும், மிச்சம் 0.056. பூ மேலே வந்துவிடும்.

இந்த எடைகள் அவ்வப்போது மாற்றப்படுபவை. ஆனாலும் இரண்டு விஷயங்கள் இதிலிருந்து புரியும். திட்டுவதற்காகக்கூடப் பதில் எழுதாதீர்கள், அந்தப் பதிவைத் தூக்கிவிடுவதே நீங்கள்தான். பிடிக்காததைப் பேசாமல் கடந்துபோவதைவிட 'ஆர்வமில்லை' என்று அழுத்துவது பல மடங்கு பலமானது.

அளவுகோலை மாற்றினால் பதிவுகளும் மாறுமா?

உடனே மாறும். யூடியூப் 2012 வரை எத்தனை கிளிக் என்று பார்த்தது. கவர்ச்சித் தலைப்பும் பொய்ப் படமும் பெருகின. பிறகு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று மாற்றியது. வீடியோக்கள் நீண்டன.

2018 ஜனவரியில் ஃபேஸ்புக் 'அர்த்தமுள்ள உரையாடல்களுக்கு' முன்னுரிமை என்று அறிவித்தது. வைரல் வீடியோக்களைக் குறைத்ததில் மக்கள் தளத்தில் செலவிட்ட நேரம் நாளொன்றுக்கு 5 கோடி மணி நேரம் குறைந்ததாக ஸக்கர்பெர்க்கே சொன்னார். நோக்கம் நல்லதுதான். ஆனால் உரையாடலை எப்படி அளப்பது? கமென்டையும் எமோஜியையும் எண்ணினார்கள். லைக்கைவிடக் கோபக்குறிக்கு ஐந்து மடங்கு எடை இருந்தது பிற்பாடு கசிந்த உள் ஆவணங்களில் தெரியவந்தது. கோபமூட்டும் பதிவுகள் மேலே வந்தன. அந்த எடையைப் படிப்படியாகக் குறைத்து 2020இல் பூஜ்யமாக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் எத்தனை குடும்பக் குழுக்கள் சண்டைக்களமாகின என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

சின்னச் சின்னப் பொறிகள் எவை?

முடிவில்லாத ஸ்க்ரோல் முதலாவது. முன்பு பக்கத்தின் அடியில் 1, 2, 3 என்று எண் இருக்கும். அங்கே கை நிற்கும், 'போதும்' என்று தோன்றும். 2006இல் ஆஸா ராஸ்கின் உருவாக்கிய வடிவமைப்பு அந்த நிறுத்தத்தையே நீக்கியது. அதற்காக அவரே பின்னாளில் வருந்தினார்.

ஸ்னாப்சாட்டின் ஸ்ட்ரீக் இன்னொன்று. இரண்டு பேரும் 24 மணி நேரத்துக்குள் ஒருவருக்கொருவர் ஸ்னாப் அனுப்பினால் தீ அடையாளத்துக்குப் பக்கத்தில் எண் ஏறும். நேரம் முடியப்போனால் மணல் கடிகாரம் தோன்றும். எழுத்துச் செய்தி கணக்கில் வராது. பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் கூரையையும் தரையையும் படமெடுத்து அனுப்புவது இதனால்தான். படத்தில் ஒன்றும் இருக்காது, எண் மட்டும் காப்பாற்றப்படும்.

சிவப்புப் புள்ளி, நீல டிக், 'டைப் செய்கிறார்' எல்லாம் இதே குடும்பம்.

தமிழுக்கென்றோ இந்திய மொழிகளுக்கென்றோ ஒரு தளம் நிலைக்க முடியாதா?

முடியும், ஆனால் பெரிய தளங்கள் விட்டுவைத்த இடத்தில் நுழைந்தால். 2015இல் தொடங்கிய ஷேர்சாட் ஆங்கிலத்தையே தவிர்த்து, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் காலை வணக்கப் படம், கவிதை, சாமி படம் என்று கொடுத்தது. எடுத்த படத்தை ஒரே தட்டில் வாட்ஸ்அப்புக்கு அனுப்பலாம். வாட்ஸ்அப்போடு மோதாமல் அதற்குத் தீனி கொடுத்தே வளர்ந்தது.

கூ அப்படி அல்ல. ட்விட்டருக்கு நேர் மாற்றாக 2020இல் வந்தது, அரசியல் அலையில் ஏறியது, அலை வடிந்ததும் பணம் போதவில்லை, 2024 ஜூலையில் மூடியது. குரலால் மட்டும் பேசும் அறைகளைக் கொண்ட கிளப்ஹவுஸ் 2021இல் ஆண்ட்ராய்டுக்கு வந்ததும் தமிழ் அறைகள் இரவெல்லாம் நிரம்பி வழிந்தன. ஊரடங்கு தளர்ந்து மக்கள் வேலைக்குப் போனதும் கூட்டம் கலைந்தது. தொடக்கத்தில் பேச்சை நேரலையில்தான் கேட்டாக வேண்டும், தவறவிட்டவருக்குப் பிறகு கேட்க ஒன்றும் இல்லை. அதற்குள் ட்விட்டரும் இதே மாதிரி 'ஸ்பேசஸ்' போட்டுவிட்டது.

ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' என்ற, வாட்ஸ்அப் போன்ற ஆப் 2021இல் வந்தது, 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று உயர்ந்தது. நாளுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவு மூன்றே நாளில் 3,50,000 ஆனதாக ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். சேர்ந்தவர்கள் அடுத்துப் பார்த்தது ஒன்றைத்தான்: அம்மா இதில் இருக்கிறாரா, ஆபீஸ் குழு இதில் இருக்கிறதா? ஒரு குழுவில் 20 பேர் என்றால் 20 பேரும் சேர்ந்து மாறினால்தான் மாற்றம். 12 பேர் மாறி 8 பேர் மாறாவிட்டால், 12 பேரும் பழைய இடத்துக்கே திரும்புவார்கள். புதிய தளத்தைத் தாங்க நினைப்பவர்கள் தனித்தனியாகச் சேர்வதைவிட ஒரு குழுவை முழுசாக, ஒரே நாளில் இடம்மாற்றுவது பலன் தரும்.

என் நண்பர்களின் பதிவுகள் ஏன் கண்ணில் படுவதே இல்லை?

உங்கள் கண்ணில் குறையில்லை. அந்த ஏகபோக வழக்கில் மெட்டா காட்டிய எண்களின்படி, பயனர்கள் செலவிடும் நேரத்தில் நண்பர்களின் பதிவுகளைப் பார்ப்பது இரண்டே ஆண்டில் ஃபேஸ்புக்கில் 22 சதவீதத்திலிருந்து 17 ஆகவும், இன்ஸ்டாகிராமில் 11இலிருந்து 7 ஆகவும் குறைந்துவிட்டது. 2022 ஜூலையில் இன்ஸ்டாகிராம் முழுத்திரை வீடியோவுக்கு மாறப் பார்த்தபோது பெரிய எதிர்ப்பு வந்தது, பின்வாங்கினார்கள். வடிவமைப்பில் பின்வாங்கினார்களே தவிர திசையில் இல்லை.

நண்பர்களை மீட்க:

இன்ஸ்டாகிராமில் முகப்பின் மேலே உள்ள 'Instagram' என்ற பெயரைத் தட்டினால் 'ஃபாலோயிங்', 'ஃபேவரிட்ஸ்' என்று வரும். ஃபாலோயிங்கில் நேர வரிசைப்படி மட்டும் காட்டும். ஃபேவரிட்ஸில் 50 பேர் வரை சேர்க்கலாம். ஆப்பை மூடித் திறந்தால் பழைய ஃபீடுக்கே போய்விடும், ஒவ்வொரு முறையும் தட்டித்தான் ஆக வேண்டும். ஃபேஸ்புக்கில் மெனு, 'ஃபீட்ஸ்', 'ஃப்ரெண்ட்ஸ்'. எக்ஸில் 'ஃபார் யூ'வுக்குப் பக்கத்தில் 'ஃபாலோயிங்'.

நேரத்தைக் கட்டுப்படுத்த எது உண்மையில் வேலை செய்கிறது?

ஆப்புக்குள் இருக்கும் நினைவூட்டல் பலவீனமானது, ஒரு தட்டில் மறைந்துவிடும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், 'டிஜிட்டல் வெல்பீயிங்', 'டேஷ்போர்டு' போய், ஆப்பின் பக்கத்தில் உள்ள மணல் கடிகாரத்தை அழுத்தி 30 நிமிடம் என்று வையுங்கள். நேரம் முடிந்தால் ஆப்பே மூடிக்கொள்ளும். நள்ளிரவில் கணக்கு மறுபடி பூஜ்யமாகும் என்பதால் இரவு 12 மணிக்கு விழித்திருப்பவர்களுக்கு இது உதவாது. அவர்கள் 'பெட்டைம் மோட்' போட வேண்டும்.

யூடியூபில் இன்னும் பலமான வழி உண்டு. உங்கள் கணக்கின் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழையதையும் அழித்துவிடுங்கள். முகப்பில் பரிந்துரைகளே வராது, தேடல் பெட்டி மட்டும் நிற்கும். இன்ஸ்டாகிராமில் 'கன்டென்ட் ப்ரிஃபரன்சஸ்' பகுதியில் பரிந்துரைகளை முழுக்க அழித்துப் புதிதாகத் தொடங்கலாம். அழித்த அடுத்த அரைமணி நேரத்தில் எதைப் பார்க்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். பழைய பழக்கத்தில் நின்று பார்த்தால் பழைய ஃபீடே திரும்பக் கட்டப்படும்.

நோட்டிஃபிகேஷனில் மனிதர்கள் நேரடியாக அனுப்பும் செய்தியை மட்டும் விட்டு மற்றதை நிறுத்துங்கள். 'இன்று இதைத் தவறவிட்டீர்கள்' வகை அழைப்புகளை அனுப்புவது மனிதர்கள் அல்ல.

சிறு கடையோ பக்கமோ நடத்துகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பின்தொடர்பவர்கள் எண்ணிக்கையை விடுங்கள். பார்த்த நேரம், லைக், பிறருக்கு அனுப்பப்பட்ட எண்ணிக்கை, இவை மூன்றும்தான் முக்கியம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னார். புதியவர்களைச் சென்றடைய, அனுப்பப்படுவதே அதிகம் உதவும். ஆகவே 'இதை உங்கள் அக்காவுக்கு அனுப்பலாம்' என்று தோன்றவைக்கும் பதிவு வேண்டும். கடையின் பெயர்ப்பலகையோடு வீடியோவைத் தொடங்காதீர்கள். புடவையை முதல் நொடியில் காட்டுங்கள், விலையை எழுத்தில் போடுங்கள், முகவரி கடைசியில். வாடிக்கையாளர் எண்களை, அவர்கள் சம்மதத்தோடு, தனியே ஒரு நோட்டில் சேர்த்துவையுங்கள். டிக்டாக் போன இரவில் அந்த நோட்டு வைத்திருந்தவர்களின் வியாபாரம் நிற்கவில்லை.

ஒரு தளம் மூடப்பட்டால் என் படங்கள் என்ன ஆகும்?

ஆர்குட் மூடிய பிறகு 2016 செப்டம்பர் வரை இறக்கிக்கொள்ள அவகாசம் இருந்தது, பலர் தவறவிட்டார்கள். மைஸ்பேஸ் மூடாமலே, சர்வர் மாற்றும்போது 2015க்கு முன் ஏற்றப்பட்ட பாடல்களை இழந்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது. சுமார் 5 கோடிப் பாடல்கள்.

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ் சென்டர்', அதில் 'யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பர்மிஷன்ஸ்' போனால் பதிவிறக்கும் வழி இருக்கும். தொடங்கும் முன் மூன்றைப் பாருங்கள். தேதி வரம்பு 'ஆல் டைம்' என்று இருக்கட்டும், இல்லையென்றால் அண்மைக் காலத்தது மட்டும் வரும். படத்தின் தரத்தை 'ஹை' ஆக்குங்கள். வடிவம் 'எச்டிஎம்எல்' என்றால் சாதாரண பிரவுசரில் திறந்து பார்க்கலாம், 'ஜேசன்' என்றால் அப்படி எளிதாகப் பார்க்க முடியாது. கோப்பு தயாராக சில மணி நேரமோ சில நாளோ ஆகும். தயாரானதும் வரும் இணைப்பு சில நாள்களில் காலாவதியாகிவிடும் என்பதால் மின்னஞ்சல் வந்த அன்றே வைஃபையில் இறக்கி, போனில் மட்டும் வைக்காமல் ஒரு பென்டிரைவிலும் பிரதி எடுத்துவிடுங்கள்.